பிரிய மறுத்த வால்நட்சத்திரம்

டெய்லரக்கா தைத்த துணி கிழியும், தையல் பிரியாது. அந்தத் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரின் கால்சட்டை ஒருநாள் செயினில் மாட்டி, முட்டிக்குக் கீழே நார் நாராகிவிட்டது. அதைத் தூக்கிப் போடாமல் கடையில் மாட்டி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். "துணி போச்சு, பாருங்க. தையல் மட்டும் அசையாம நிக்குது!"

அக்காவின் முறை அப்படி. எந்தத் தையலையும் இரண்டு தடவை ஓட்டுவார். ஓரம் வந்ததும் மிஷினைப் பின்னால் ஓட்டி, மறுபடி முன்னால் ஓட்டி, நூலை முடிச்சிட்டு, பல்லால் கடித்துத் துண்டிப்பார். கடைசியில் துணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. வாங்க வந்தவர் புதுச் சட்டையை நினைத்துப் பதறுவார்.

"பிரியுறதா இருந்தா என் கையிலயே பிரியட்டும். நாலு பேர் முன்னாடி பிரிஞ்சா உங்க மானமும் போகும், என் கடையும் போகும்" என்பார் அக்கா.

எதிர்ச்சாரியில் இன்னொரு தையல் கடை இருந்தது. 'அரை மணியில் தைத்துத் தரப்படும்' என்று பலகை. அதனால் அந்தக் கடைக்காரரை எல்லோரும் 'அவசரம்' என்றே கூப்பிட்டார்கள். சொன்னபடி அரை மணியில் தைத்துக் கொடுத்துவிடுவார். போட்டுக்கொண்டு போகலாம், நிற்கலாம், சிரிக்கலாம். குனிவதுதான் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். அவரைப் பற்றி அக்கா சொல்வது ஒன்றே ஒன்றுதான். "அவர் பண்றது தையல் இல்ல. ஒரு துணியை இன்னொரு துணிக்கு அறிமுகம் பண்ணி வைக்கிறார்."

இருவரும் பல வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து தைத்தாலும், ஒருவர் கடைவாசலை ஒருவர் மிதித்ததில்லை.

அக்காவின் கணவர் பஸ் ஓட்டுபவர். அக்காவின் தம்பி பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். தற்காலிக வேலை. வேலை நிரந்தரமானதும் தனி வீடு பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த அறையில், பாதி தைத்த சட்டைகளுக்கு நடுவே படுத்து எழுந்துகொண்டிருந்தான். ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விட்டு வந்தவன், கட்டிங் மேசை மேல் ஏறி உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கு ஒரு வால்நட்சத்திரம் வேணும்."

அக்கா தலையைத் தூக்கவில்லை. "எந்த சைஸு?"

"எட்டுப் பிள்ளைங்க உள்ள போற சைஸு."

மிஷின் நின்றது.

பள்ளி ஆண்டு விழாவுக்கு அவன் ஒரு நாடகம் போடப் போகிறான். அதுவும் உண்மையில் நடந்த கதை. மேசை மேல் கிடந்த வெட்டுத் துணிகளை வரிசையாக வைத்து விளக்க ஆரம்பித்தான்.

"வியாழன் இருக்கில்ல, கிரகங்கள்லயே பெருசு? முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வால்நட்சத்திரம் அதுக்குக் கிட்ட போய் மாட்டிக்கிச்சு. வியாழன் இழுக்குது. பக்கத்துல இருக்கிற பாகத்தை அதிகமா இழுக்குது, தள்ளி இருக்கிற பாகத்தைக் கம்மியா இழுக்குது. அந்த வித்தியாசத்தைத் தாங்க முடியாம வால்நட்சத்திரம் துண்டு துண்டாப் போயிடுச்சு. இருபதுக்கும் மேல. அத்தனை துண்டும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாச் சுத்திட்டு வந்து, ரெண்டு வருஷம் கழிச்சு வியாழன் மேலயே ஒண்ணு பின்னாடி ஒண்ணா விழுந்துச்சு. ஒரு வாரம் பூரா. விழுந்த இடமெல்லாம் கறுப்புக் கறை. சில கறை நம்ம பூமியை விடப் பெருசு!"

அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் திரும்பிப் பார்த்தார். "யாருக்காவது அடி பட்டுச்சா?"

"அங்க யாருமே இல்ல மாமா."

"அப்ப சரி. கேஸு கீஸு எதுவும் இல்ல."

அக்காவுக்கு வேறொரு சந்தேகம். "அவ்வளவு பெருசு. இழுத்தா உடனே உடைஞ்சிடுமா?"

"அது கெட்டியான பொருள் இல்லக்கா. ஐஸு, தூசி, கல்லு, எல்லாம் சும்மா ஒட்டிக்கிட்டு இருந்த குவியல்."

"யாரு தைச்சதாம்?"

"எதிர்க்கடைக்காரர்தான், வேற யாரு" என்றார் கணவர்.

சிரித்து முடித்த பிறகு தம்பி விஷயத்துக்கு வந்தான். எட்டுப் பிள்ளைகளின் சாம்பல் நிற அங்கிகளைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று தைத்துவிட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நீளப் பாறையாகத் தெரிய வேண்டும். முன்னால் இருக்கிற பிள்ளைகள் வேகமாக ஓட, பின்னால் இருப்பவர்கள் மெதுவாக வர, நடுவில் தையல் தானாகப் பிரிய வேண்டும். ஜிப் கூடாது, கயிறு கூடாது, கொக்கி கூடாது.

"பிள்ளைங்க கையால கழட்டினா அது வால்நட்சத்திரம் இல்லக்கா, வேஷம் கலைக்கிறது. யாரும் பிரிக்கக் கூடாது. அதுவாப் பிரியணும். அதுதான் பாடமே."

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னான். போன வருடம் அவன் போட்ட எரிமலை நாடகத்தில் நுரை பொங்கி, மேடையில் நிற்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் செருப்பு வரை போனது. தலைமையாசிரியை அதை இன்னும் மறக்கவில்லை. இந்த வருடம் பள்ளி நிர்வாகத் தலைவரே விழாவுக்கு வருகிறார். நாடகம் ஒழுங்காக நடந்தால் அவனை நிரந்தரமாக்கும்படி பேசுவதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார். கெட்டுப்போனால் அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

"இதை ஏன்டா கடைசியில சொல்ற?" என்றார் அக்கா.

"முதல்லயே சொன்னா பயந்துடுவே."

"பயமா? பிரியுற மாதிரி தைக்கிறது ஒரு வேலையாடா? சின்னப் புள்ள கூடத் தைக்கும்."

முதலில் வியாழனைச் செய்தார். பிரம்பு வளையங்கள் வைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, காவியும் வெள்ளையும் பழுப்புமாகப் பட்டை பட்டையாகத் துணி போட்டு, வயிற்றுப் பக்கத்தில் வியாழனின் புயலுக்காக ஒரு பெரிய சிவப்புக் கண்ணும் வைத்தார். அதைப் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டவர் டிரில் மாஸ்டர். பள்ளியிலேயே பெரிய உருவம் அவர்தான். "விசில் அடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். வியாழன் விசில் அடிக்காது என்று தெரிந்ததும் கொஞ்சம் வருத்தம். பிள்ளைகள் மோதும்போது ஒட்டிவிட, பின்பக்கம் வெல்குரோ வைத்த கறுப்புத் துணி வட்டங்களும் தயாராயின.

அடுத்து வால்நட்சத்திரம். கடைசி அங்கிக்கு நீளமான வெள்ளி நாடா வால், மற்ற அங்கிகளின் ஓரத்தில் மடித்து மறைத்த குட்டி வால்கள். நீளத் தையல் போட்டு, மெல்லிய நூலில், ஒரே ஒரு தடவைதான் ஓட்டினார். மனதுக்குப் பிடிக்காத வேலைதான். என்றாலும் தம்பிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

ஒத்திகை மத்தியானம் நடந்தது. பள்ளி அரங்கில் நாற்காலிகள் இன்னும் அடுக்கியே இருந்தன. தலைமையாசிரியை கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். தம்பி மைக்கைப் பிடித்து, "இதோ, வியாழனை நெருங்குகிறது!" என்றான். முன்னால் இருந்த பிள்ளைகள் ஓடினார்கள். பின்னால் இருந்தவர்கள் மெதுவாக வந்தார்கள். துணி விறைத்தது. இப்போது பிரியும் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

பிரியவில்லை. விறைத்த துணி பின்னால் இருந்தவர்களைச் சுண்டி இழுத்தது. எட்டுப் பேரும் ஒரே மூட்டையாக, "ஐயோ சார்!" என்ற கூச்சலோடு வியாழன் மேல் போய் விழுந்தார்கள். வியாழன் மல்லாந்தது. மல்லாந்ததோடு நிற்காமல் பிரம்பு வளையத்தின் புண்ணியத்தில் மேடையின் அந்தக் கோடி வரைக்கும் உருண்டு, திரைச்சீலையில் சுற்றிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "பிள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல சார்!"

"அப்ப யாராவது என்னைத் தூக்குங்க."

தலைமையாசிரியை தம்பியிடம் வந்தார். "சார், சூரியக் குடும்பத்துல இப்படி நடந்ததா எந்தப் புஸ்தகத்துலயும் இல்லையே? நாளன்னைக்கு விழா. உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க. அந்த நேரத்துக்கு ஒரு பாட்டைப் போட்டுடலாம்."

அங்கிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து புரட்டிப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. ஒவ்வொரு தையலும் முடியும் இடத்தில் நூல் பின்னால் போய், முன்னால் வந்து, முடிச்சோடு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. போட்டதாக அவருக்கு நினைவே இல்லை. கால் மிதிக்கும்போதே கை பாட்டுக்குச் செய்திருக்கிறது.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை ஓரத்தை அப்படியே விட்டார். முடித்ததும் அடுப்பை அணைக்காமல் ஊருக்குக் கிளம்பிவிட்டது போலிருந்தது. ஹேங்கரில் மாட்டினார்கள். மாட்டிய கனத்திலேயே வால்நட்சத்திரம் சொத் சொத்தென்று ஒவ்வொரு துண்டாகக் கீழே விழுந்தது.

"இது வியாழன் வரைக்கும் போகாது. ஸ்டாண்டுலயே பிரேக்டவுன்" என்றார் கணவர்.

இன்னொரு தடவை கொஞ்சம் இறுக்கித் தைத்து, கணவரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூடத்தில் இழுத்தார்கள். கணவரின் பனியன் கிழிந்தது. தையல் அப்படியே இருந்தது.

"அக்கா, விட்டுடு. பாட்டே போட்டுக்கட்டும்" என்றான் தம்பி. சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பாயை விரித்தான். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது பாயை உதறிய விதத்திலேயே தெரிந்தது.

அக்கா கடைவாசலில் வந்து நின்றார். எதிர்க்கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, விறுவிறுவென்று தெருவைக் கடந்தார்.

அவரைப் பார்த்ததும் அவசரம் காதில் செருகியிருந்த பென்சில் கீழே விழ எழுந்து நின்றார்.

"என்னம்மா, என் போர்டு உங்க கடை வெளிச்சத்தை மறைக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்கிட்டயா?"

"நீங்க எப்படித் தைப்பீங்க?"

"எல்லாரும் தைக்கிற மாதிரிதான்."

"எல்லாரும் தைக்கிற மாதிரி தைச்சா பிரிய மாட்டேங்குதே."

அவசரத்தின் முகம் சுருங்கியது. "அம்மா, சண்டை போடணும்னா நேரா போடுங்க. இப்படி மரியாதையாத் திட்டாதீங்க. மனசு கஷ்டமா இருக்கு."

அக்காவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வியாழனில் ஆரம்பித்து டிரில் மாஸ்டர் உருண்டது வரை எல்லாவற்றையும் சொன்னார். தம்பியின் வேலை விஷயத்தையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

அவசரம் நெற்றியைத் தேய்த்தார். "அதாவது, உங்களுக்குப் பிரியுற தையல் வேணும்."

"ஆமாங்க."

"வேணும்னே பிரியணும்."

"ஆமாங்க."

"அதுக்கு இந்தத் தெருவுல என்னை விட்டா ஆள் இல்லைன்னு வந்திருக்கீங்க."

அக்கா தலையாட்டினார். அவசரம் சுவரைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "இத்தனை வருஷமா இதுக்குத்தான் திட்டு வாங்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் ஆர்டர் வந்திருக்கு!"

ஒரே ஒரு நிபந்தனை. வால்நட்சத்திரம் யார் தைத்தது என்று மைக்கில் சொல்ல வேண்டும். அக்கா ஒப்புக்கொண்டார்.

மறுநாள் அவசரம் தன் நூல்கண்டோடு வந்து, அக்காவின் கடையில், அக்காவின் மிஷினில் உட்கார்ந்தார். மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினார். எப்போதோ வாங்கி வெயிலில் நிறம் போன பருத்தி நூலைக் கோத்தார். தெருவில் நடக்கிறவர் போல நிதானமாக நீள நீளமாக ஓட்டினார். ஆனால் சும்மா விட்டுவிடவில்லை. மேலே ஒரு சாண் அளவுக்கு மட்டும் தையலைச் சின்னதாக்கினார். "நடக்குறப்ப இந்த இடம் பிடிச்சுக்கும். இழுத்தா முதல்ல இது போகும். இது போனா மிச்சம் கேக்காமப் போகும்" என்றார்.

அக்கா இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு தையலும் முடிச்சில்லாமல் முடியும்போது அரை அடி முன்னால் நகர்ந்தார்.

"அந்த ஓரத்துல ஒரு..."

"அம்மா."

"இல்ல, சொல்லல."

சாயங்காலம் தம்பியும் கணவரும் இழுத்துப் பார்த்தார்கள். பர்ரென்று ஒரு சத்தம். எவ்வளவு இதமான சத்தம்! தம்பி அவசரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். இழுத்துப் பார்த்ததை மறுபடி தைக்க வேண்டியிருந்ததால் அவர்தான் கையை விடுவித்துக்கொண்டார்.

விழா நாள். அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் நிர்வாகத் தலைவர், வயதானவர், கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தலைமையாசிரியை. கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்திருந்தார். நுரை ஞாபகம் போலிருக்கிறது.

திரைக்குப் பின்னால் எட்டுப் பிள்ளைகளும் அங்கிக்குள் புகுந்து வரிசையாக நின்றார்கள். மூன்றாவதாக நின்ற பையனுக்கும் நான்காவதாக நின்ற பெண்ணுக்கும் ஏதோ தகராறு.

"நீதான் என் காலை மிதிச்சே."

"உன் கால்தான் என் இடத்துல இருந்துச்சு."

தள்ளுமுள்ளில் அவர்களுக்கு நடுவில் இருந்த தையல் பர்ரென்று போனது. அதே நேரம் மேடையிலிருந்து, "அடுத்ததாக..." என்று அறிவித்துவிட்டார்கள். அவசரம் மிஷினைத் தேடினார். மிஷின் ஏது? அக்கா ரவிக்கையில் குத்தியிருந்த கை ஊசியை எடுத்தார், நூலைக் கோத்தார், இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே மண்டியிட்டு மளமளவென்று தைத்தார். திரை விலகும் சத்தம் கேட்டது. நூலைப் பல்லால் கடித்தார். "ஓடுங்க, ஓடுங்க!"

வால்நட்சத்திரம் மேடைக்குள் போனது. வெள்ளி நாடா வால் விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. கைதட்டல் எழுந்தது. அக்கா நிமிர்ந்து நின்று மூச்சு விட்டார். வாயில் நூல் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் துப்பும்போதுதான் நினைத்துப் பார்த்தார். கடிப்பதற்கு முன்னால் கை என்ன செய்தது?

பக்கத்தில் நின்ற அவசரத்தின் சட்டைக் கையைப் பிடித்தார். "முடிச்சுப் போட்டுட்டேங்க."

"எப்படி முடிச்சு?"

"எப்பவும் போல."

"அப்ப போச்சு" என்றார் அவசரம்.

மேடையில் டிரில் மாஸ்டர் கம்பீரமாகச் சுழன்றுகொண்டிருந்தார். தம்பியின் குரல் மைக்கில் ஏறியது. "நெருங்குகிறது... நெருங்குகிறது..." முன்னால் இருந்தவர்கள் ஓடினார்கள். பர்ர்! முதல் துண்டு பிரிந்தது. அரங்கு முழுக்க "ஆ!" என்றது. பர்ர், பர்ர்! பாறை உதிர்ந்தது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குட்டி வால் முளைத்தது. பெற்றோரின் கடைசி வரிசையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

மூன்றும் நான்கும் மட்டும் பிரியவில்லை. பையன் இந்தப் பக்கம் இழுத்தான், பெண் அந்தப் பக்கம் இழுத்தாள். துணி விறைத்து நின்றது. தம்பியின் குரல் நின்றுவிட்டது. அக்கா திரையைப் பிடித்துக்கொண்டார். திரை கம்பியோடு ஆடியது. தலைமையாசிரியை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

மற்ற பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தபடி ஒருவர் பின் ஒருவராக ஓடிப் போய், தொம் தொம்மென்று மோதி, கறுப்பு வட்டத்தை ஒட்டிவிட்டு அந்தப் பக்கம் மறைந்தார்கள். மேடையில் இந்த இரண்டு பேர்தான் மிச்சம். பையன் பெண்ணைப் பார்த்தான். பெண் பையனைப் பார்த்தாள். காலை மிதித்த தகராறு எங்கே போனதோ, இருவரும் கையைக் கோத்துக்கொண்டார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, ஓடு!" என்று அந்தப் பெண் சொன்னது அக்காவுக்குக் கேட்டது.

இருவர் சேர்ந்து வருவதை டிரில் மாஸ்டர் பார்த்தார். ஒத்திகையில் உருண்டவர் அல்லவா! காலை அகட்டி, தரையில் வேரூன்றியது போல நின்றார். மோதல் விழுந்தது. வியாழன் பின்னால் சாய்ந்தது. சாய்ந்து, இன்னும் சாய்ந்து, பிரம்பு வளையம் ஒருமுறை கிறீச்சிட்டு, மெல்ல நிமிர்ந்து நின்றது. நட்ட நடு வயிற்றில் இரண்டு வட்டமும் ஒட்டி ஒரே பெரிய கறையாகத் தெரிந்தது.

தம்பிக்குக் குரல் திரும்பியது. "துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. சில பெரியவை. பெரியது விழுந்த இடத்தில் பெரிய கறை. பூமியிலிருந்து சின்னத் தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்குக்கூட அந்தக் கறைகள் தெரிந்தன!"

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அது அவன் எழுதி வைத்ததில் இல்லை, அவ்வளவுதான். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண், "இன்னொரு தடவை!" என்று கத்தினாள். தம்பி மறக்காமல் மைக்கில் சொன்னான்: "வால்நட்சத்திரத்தைத் தைத்தவர் எங்கள் தெருவின் அரை மணித் தையல்காரர்." அவசரம் யாரும் கூப்பிடாமலேயே மேடைக்குப் போய்க் கும்பிட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் நிர்வாகத் தலைவர் கைத்தடியை ஊன்றி மேடைப் பக்கம் வந்தார். தலைமையாசிரியையும் கூடவே வந்தார்.

"கடைசியில ஒரு பெரிய துண்டு வந்துச்சே. அந்த யோசனை யாருது?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "யோசனையெல்லாம் இல்லீங்க ஐயா. என் கை பண்ணினது. என்னைக் கேக்காமப் பண்ணிடுச்சு."

தலைவர் சிரித்தார். அப்புறம் இன்னும் வியாழனுக்குள்ளேயே நின்று வியர்த்துக்கொண்டிருந்த டிரில் மாஸ்டரிடம் போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நானும் ஒரு தடவை மோதிப் பாக்கலாமா?"

"வாங்க ஐயா. மெதுவா வாங்க."

தலைவர் கைத்தடியைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தார். ஒரு கறுப்பு வட்டத்தை வாங்கிக்கொண்டார். நான்கடி பின்னால் போய், குடுகுடுவென்று ஓடி வந்து, வியாழனின் விலாவில் தொம்மென்று மோதினார். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அடுத்து யார் என்று ஒரு வரிசை உண்டாகிவிட்டது. அக்காவின் கணவர் அதில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

கைத்தடியைப் பிடித்தபடியே தலைமையாசிரியை தம்பி பக்கம் திரும்பினார். "சார், திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்து ஆர்டரை வாங்கிக்குங்க."

"எந்த ஆர்டர் மேடம்?"

"நிரந்தர ஆர்டர். வேற என்ன? இப்பப் போய் அந்த வரிசையை ஒழுங்குபண்ணுங்க. வியாழனுக்கு மூச்சு வாங்குது."

தம்பி அசையாமல் நின்றான். அக்காதான் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "போடா. மேடம் சொல்றாங்கல்ல, போ!"